பின்சுவர் ஓரம் கேட்ட சக்கரச் சத்தம்

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. என் மாமனார் செகந்திராபாத்தில் அந்த வீட்டை வாங்கிய காலத்தில் குடும்பத்தில் எல்லாருக்கும் கால் நன்றாக இருந்தது, அதனால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. என் கணவர் டேனியல் உப்பலில் ஒரு தொழிற்கூடத்தில் சூப்பர்வைசராக இருந்தார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து பைக்கில் வரும்போது பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. உயிர் தப்பினார். ஆனால் முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. "வீல்சேரில் உட்கார்ந்து வெளியே போகலாம், வேலை பார்க்கலாம், ஒன்றும் முடிந்துவிடவில்லை" என்று டாக்டர் தைரியம் சொன்னார். நல்ல மனிதர். எங்கள் வீட்டுப் படிக்கட்டை அவர் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் நான்கு பேர் சேர்ந்து அவரை மேலே தூக்கி வந்தார்கள். குறுகலான படி. ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்த்து, நிமிர்த்தி, பீரோவை ஏற்றுவது போல ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரும் பார்த்தார்கள். கட்டிலில் படுக்க வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம்." அதோடு சரி. ஒரு வருடத்துக்கு மேல் அவர் கீழே இறங்கவில்லை. சபையார் வாங்கிக் கொடுத்த வீல்சேர் ப்ளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரோரம் நின்றது. ஞாயிறு ஆராதனையை ஃபோனில் போட்டுக் கொடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்கள் மகள் ஷைனி, நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. ஒரு நாள் அடுப்படிக்கு வந்து என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "நாகு பயங்கா உந்தி, மம்மி" என்றாள். அப்பாவைப் பார்த்து அவளுக்குப் பயமாக இருந்ததாம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் நர்சரி டீச்சர். என் பெயர் ஹெலன். என் பொறுமையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே செலவாகிவிடும், வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. பால் பொங்கும் வரை அடுப்பருகே நிற்கக்கூட எனக்கு முடியாது. ஜெபத்திலும் அப்படித்தான். கர்த்தரிடம் கேட்டுவிட்டு உடனே கடிகாரத்தைப் பார்க்கிற ஆள் நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத் தொடக்கம். கட்டிலைப் பால்கனிப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். வெளியே பார்க்க ஆசைப்படுகிறாரே என்று நான் சந்தோஷமாகத் திருப்பிப் போட்டேன். அன்று சாயங்காலம் டீ கொடுக்கப் போனபோது பால்கனிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப அமைதியாகச் சொன்னார்.

"ஹெலன், இங்க இருந்து கீழ போறதுக்கு எனக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருக்கு."

படிக்கட்டைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கையால் தவழ்ந்தே பால்கனி வரை போய்விடுவார், அவ்வளவு தூரம்தான். அன்றே பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். சாவியைத் தாலிச் செயினில் கோத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது அந்தச் சாவி நெஞ்சில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் அவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கும்.

எங்கள் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே பின்சந்தில் ஒரு தனி வீடு தெரியும். ஒரே தளம். ஓட்டுக் கூரை. நான்கு பக்கமும் யாருடைய சுவரையும் தொடாமல் நிற்கும், சுற்றி வர ஷாபாத் கல் பாவிய நடைபாதை. அந்த வீட்டு வாசலில் படி இல்லை. சிமெண்ட் சரிவுதான் இருந்தது. வீல்சேர் ஏறி இறங்குகிற சரிவு. அடுப்படியில் நின்று அந்தச் சரிவைப் பார்க்கப் பார்க்க, கர்த்தர் எங்களுக்காகவே கட்டி வைத்த வீடு அது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. தோன்ற ஆரம்பித்தது என்ன, முடிவே செய்துவிட்டேன். எந்தக் கட்டில் எந்த அறையில் என்றுகூட மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல், அதில் ஆள் இருந்தார். புரோக்கரிடம் விசாரித்தேன். வீட்டுக்காரர் பெயர் ராவ், மரியாதையாக ராவ் காரு என்பார்கள், காஞ்சன்பாக் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி சரோஜா பல வருடம் வீல்சேரில் இருந்தவர், போன வருடம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் வெளியே வருவதே அபூர்வம். "விக்கவும் மாட்டாராம், வாடகைக்கும் விடமாட்டாராம். கதவையே திறக்கல மேடம், ஜன்னல் வழியாவே போன்னுட்டார்" என்று புரோக்கர் கைவிரித்துவிட்டார்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிற ரெஜினா அக்காவிடம் அழுதேன். அக்காதான் எரிகோ ஜெபம் செய்யச் சொன்னார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இஸ்ரவேலர் சுற்றி வந்து ஆர்ப்பரித்ததும் எரிகோ கோட்டைச் சுவர் இடிந்து விழுந்ததாக வேதத்தில் இருக்கிறது. அதே மாதிரி, நமக்கு வேண்டிய நிலத்தையோ வீட்டையோ ஆறு நாள், நாளுக்கு ஒரு முறை ஜெபத்தோடு சுற்றி வர வேண்டும். ஏழாம் நாள் ஏழு முறை சுற்ற வேண்டும். கடைசிச் சுற்று முடிந்த பிறகுதான் வாயைத் திறந்து சத்தமாகத் துதிக்க வேண்டும். எங்கள் பக்கத்து விசுவாசிகளில் பலர் இப்படிச் சுற்றி மனை வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் சுற்றியது பெரும்பாலும் காலி மனை. நான் சுற்றப் போவது ஆள் குடியிருக்கிற வீடு என்பது எனக்கும் உறைக்கவில்லை, அக்காவுக்கும் உறைக்கவில்லை.

"ஹெலன், முக்கியமான விஷயம், சுத்தும்போது பேச நக்கோ, பேசவே வேணாம். யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது. பேசினியோ, அங்கயே அறுந்துபோகும்" என்றார் அக்கா.

திங்கட்கிழமை தொடங்கினேன். காலையில் ஷைனியை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு சுற்று. நல்ல வெயில் ஏறியிருந்தது. வேப்பம்பூ உதிர்ந்து கல்லெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பின்பக்க மூலையில் ஒரு கல் சரியாக உட்காரவில்லை, மிதித்தால் டக்கென்று சத்தம் போட்டது. அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் பின்சுவர் ஓரமாகப் போகும்போது ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய கிறீச்சிடல். எண்ணெய் காணாத சக்கரம் உருளும் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள்ளே, என் கூடவே அது உருண்டு வந்தது. நான் நின்றேன், அது நின்றது. நான் நடந்தேன், அதுவும் நடந்தது. சரோஜாம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். பட்டப்பகல்தான். பக்கத்துச் சந்தில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டிருந்தார். ஆனாலும் எனக்கு முதுகு சில்லிட்டது. ராவ் காரு ஏதோ சாமானை நகர்த்துகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த மூலைக் கல்லை மிதிக்காமல் தாண்டிப் போனேன். அடுத்த பக்கத்துக்குத் திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் அந்தக் கல் சத்தம் போட்டது. டக், டக். இரண்டு முறை. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. உதிர்ந்த வேப்பம்பூகூட அசையவில்லை. அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள்ளிருந்து முதல் முறையாகக் குரல் வந்தது.

"எவரதி?"

யாரது என்று கேட்கிறார். பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. பேசினால் அறுந்துபோகும். உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன். உள்ளே இருந்து மறுபடியும் அதே கேள்வி, இந்த முறை கொஞ்சம் தணிந்த குரலில் வந்தது. நான் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் வெளியேறிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. ஒரு ஜன்னல் விளிம்பில் டம்ளரில் டீ வைத்திருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. நான் சுவரைத் தாண்டும் வரை அந்த வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிற மாதிரி இருந்தது. சக்கரம் மட்டும் கூட வந்தது. ஆறாம் நாள் சரிவின் மேல் ஒரு முழம் மல்லிகைப் பூ கிடந்தது. விழுந்து கிடந்த பூ இல்லை, வைத்த பூ. அதைத் தாண்டித்தான் போனேன். ரெஜினா அக்காவிடம் எல்லாம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஹவ், ஆமா! சுவர் ஆட்டம் காணுது பாரு" என்றார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ ஒன்று என்னைப் பிறாண்டியது. அது என்னவென்று நான் குனிந்து பார்க்கவில்லை. வீடு வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஏழாம் நாள் ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று, ஷைனியை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த வீட்டுச் சரிவைக் கழுவி முக்குப் போட்டிருந்தது. நாம் கோலம் என்கிறோமே, அதுதான். கோடுகள் நடுங்கி நடுங்கிப் போயிருந்தன. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. ஒரு வாரமாக நான் ஏங்கிய கதவு. கர்த்தர் திறந்துவிட்டார் என்று கண்ணில் நீர் வந்தது.

சுற்ற ஆரம்பித்தேன். முதல் சுற்றிலேயே சக்கரச் சத்தம் வந்துவிட்டது, முந்தைய நாட்களைவிடத் தெளிவாக. ஒவ்வொரு சுற்றிலும் நான் தாண்டிய பிறகு மூலைக் கல் இரண்டு முறை டக்கென்றது. நான் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஐந்தாவது சுற்றில் பின் ஜன்னலைக் கடக்கும்போது உள்ளே இருந்து குரல் வந்தது. குழறிய, பலமில்லாத, ஆனால் சந்தோஷமான குரல்.

"சரோஜா, ஆகு. நேனு வஸ்துன்னானு."

சரோஜா, நில்லு. நானும் வந்துட்டே இருக்கேன்.

அந்த வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. அந்த மனிதர் யாரை நிற்கச் சொல்கிறார், எங்கே வருவதாகச் சொல்கிறார் என்று ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கால் தானாக நடந்து ஆறாவது சுற்றை முடித்துச் சரிவுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னும் ஒரே ஒரு சுற்று. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது மாடியில் பூட்டிய பால்கனிக் கதவு தெரிந்தது. அதற்குப் பின்னால் என் டேனி. நான் வாயைத் திறந்தால் இந்த வீடு போய்விடும். வீடு போனால் அவர் போய்விடுவார். திறக்காமல் இன்னொரு சுற்றுப் போனால், நான் கேட்டது கிடைத்துவிடும். அது எப்படிக் கிடைக்கும் என்பதும் எனக்கு இப்போது தெரியும். வீடு காலியாகிவிடும்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "ஆண்டவரே, டேனியை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

"நேனு சரோஜா காது, அங்கிள். நான் சரோஜா இல்ல. நான் ஹெலன். மாடி வீட்டு ஹெலன்."

சக்கரச் சத்தம் சட்டென்று நின்றுபோனது.

உள்ளே ஓடினேன். ராவ் காரு பின் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் கிடந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. உடம்பு தெப்பமாக வியர்த்திருந்தது. அலமாரியில் இருதயத்துக்கான மாத்திரைகள் பல நாளாகப் பிரிக்காமல் இருந்தன. அடுப்பில் டீ போட்டதைத் தவிர சமைத்த அடையாளமே இல்லை. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தேன். சந்துக்குள் வண்டி வராது, முனை வரை அவரைக் கொண்டுபோக வேண்டும். சரோஜாம்மாவின் வீல்சேரில் உட்கார வைத்துத் தள்ளிவிடலாம் என்று அறை அறையாகத் தேடினேன். இல்லை.

"அங்கிள், வீல்சேர் எங்க?" என்று தெலுங்கில் கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அது எப்பவோ குடுத்துட்டேனே, அம்மா. காரியம் முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேன். இப்ப நீதான தள்ளிட்டு வந்த? வாரம் பூரா கேட்டேனே." அவர் பேசியது எல்லாம் தெலுங்கு, நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் கேட்ட சக்கரம் வீட்டுக்கு உள்ளே உருண்டது. அவர் கேட்ட சக்கரம் வெளியே உருண்டது. எங்கள் இரண்டு பேரிடமும் சக்கரம் இல்லை. அந்தப் பின்சுவர் ஒரு செங்கல் கனம்தான் இருக்கும்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அவருக்கு வேறு யாரும் இல்லாததால் நான்தான் கூடப் போனேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இருதயம் தாங்கியிருக்காது என்றார்கள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் கஞ்சி காய்ச்சி டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாகத் தெளிந்த பிறகு ஒரு நாள் அவர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மனைவி இருந்தவரை தினமும் காலையில் அந்த அம்மாவை வீல்சேரில் வைத்து அந்த ஷாபாத் கல்லில் ஒரு சுற்றுச் சுற்றி வருவாராம். சரோஜாம்மா போன பிறகு, அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும் என்று காலை வேளையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். வேறு எந்த ஆசையும் இல்லையாம். "யாருன்னு கேட்டேன். பதில் வரல. மனுஷங்களா இருந்தா பதில் சொல்லுவாங்கல்ல? அதான் அவதான்னு நெனச்சிட்டேன்" என்றார்.

நான் ஒளிக்கவில்லை. எதற்காகச் சுற்றினேன், ஏன் பேசவில்லை, டேனியின் நிலைமை, பால்கனிப் பூட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, அம்மா" என்று மட்டும் சொன்னார். வீட்டைத் தருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று என் மனதின் ஒரு மூலை அப்போதும் எதிர்பார்த்தது. ஆசைக்கு வெட்கம் கிடையாது.

ரெஜினா அக்கா விடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சுற்றச் சொன்னார். "நக்கோ அக்கா" என்று சொல்லிவிட்டேன். அன்று அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். "கர்த்தாவே, இனி நான் எதையும் சுற்றமாட்டேன். உமக்கு வேண்டுமானால் நீரே சுற்றிக்கொள்ளும்" என்றேன். ஜெபம் மாதிரி இல்லை, கோபித்துக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனாலும் என் வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்டுவிட்டு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வெயில் காலம் போயிற்று. சாவி என் கழுத்திலேயே இருந்தது. மழை தொடங்கிய நாட்களில் ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது. ராவ் காரு, கையில் என் கஞ்சி டப்பா. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து டேனியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டேனி சுவர்ப் பக்கம் திரும்பினார். இவர் கண்டுகொள்ளவில்லை. உறை போட்ட வீல்சேரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "என் பெண்டாட்டி ஒன்பது வருஷம் இதுல ராணி மாதிரி உட்கார்ந்திருந்தா. நீ இதுக்கு ரெயின்கோட் போட்டு வெச்சிருக்க."

டேனியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ராவ் காரு தினமும் வந்தார். ஒருவர் உப்பல், ஒருவர் காஞ்சன்பாக், மெஷின் பேச்சு ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் சாப்பாடு மறந்துபோகும். சபையில் அறுவடைக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை வந்தபோது டேனி உறையைத் தானே கிழித்து வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவார். டைல்ஸ் தரையில் அது சத்தமே போடாது, வழுக்கிக்கொண்டு போகும். படிக்கட்டு மட்டும் அப்படியேதான் இருந்தது. வீட்டைப் பற்றி நான் ராவ் காருவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் வரை வந்து எத்தனையோ முறை விழுங்கினேன். எரிகோ மௌனத்தைவிட அந்த மௌனம் கஷ்டமாக இருந்தது.

கிறிஸ்மஸ் முடிந்த வாரம். கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ராவ் காரு திடீரென்று சொன்னார்.

"ஹெலன் அம்மா, எனக்கு மாடி ஏற முடியுது. இவனுக்கு முடியாது. நீங்க கீழ போங்க. நான் இங்க வந்துடறேன்."

டேனிதான் முதலில் பேசினார். "அங்கிள், அது சரோஜா ஆன்ட்டி இருந்த வீடு" என்றார்.

"அதுக்குத்தான் சொல்றேன். அங்க இருந்தா காலையில காது தானா வெளிய போகுது. இன்னும் கேட்டுட்டேதான் இருக்கேன். இது மூணாவது மாடி. இங்க யாரும் சுத்தி வர முடியாது."

அப்படியே நடந்தது. அவர் வீடு அவருடையதாகவே இருக்கிறது, எங்கள் வீடு எங்களுடையதாகவே இருக்கிறது, ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டோம். சபையின் வாலிபர் ஐக்கியப் பையன்கள் டேனியைத் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். இந்த முறை ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்கு அவர் கை காட்டிக்கொண்டே இறங்கினார். பால்கனிச் சாவியைச் செயினிலிருந்து கழற்றி ராவ் காருவிடம் கொடுத்தேன். கழுத்து லேசாகிப்போனது.

புது வீட்டில் முதல் காலை. நான் பின் ஜன்னலோரம், ராவ் காருவின் சாய்வு நாற்காலி கிடந்த அதே இடத்தில், மேஜை போட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். டேனி யாருடைய உதவியும் இல்லாமல் கதவைத் திறந்து, சரிவில் இறங்கி, வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லிய கிறீச்சிடல்.

கத்தி கையில் அப்படியே நின்றுவிட்டது. டைல்ஸில் சத்தமே போடாத வண்டி அந்தக் கரடுமுரடான கல்லில் கிறீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாகப் போனது. அதே சத்தம், அதே வேகம். நின்று நின்று போகிற அதே தயக்கம். மூலைக்குப் போனதும் டக், டக். முன் சக்கரம் ஒரு முறை, பின் சக்கரம் ஒரு முறை. லெந்து காலத்தில் எனக்குப் பின்னால் யாருமில்லாமல் கேட்ட சத்தம்.

நான் வெளியே ஓடிவந்தேன். மேலே பால்கனியில் ராவ் காரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. "அம்மா, இதே சத்தம்தான்" என்றார் மேலிருந்து. "அவ வண்டியோடது இல்ல. இதே சத்தம்தான் அந்த வாரம் நான் கேட்டது." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவர் நம்பியிருந்த ஒன்று அன்று அவரை விட்டுப் போனது, எனக்கு அது புரிந்தது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்து, டேனியின் வண்டிக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "அப்ப என்னை யாரும் கூப்பிடல. நான் சாக வேண்டியதே இல்ல."

இது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன், அவரும் தெரியாது என்றுதான் சொன்னார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் அந்த வீட்டைச் சுற்றியபோது, எனக்குரிய பதில் ஏற்கெனவே அங்கே என் கூடச் சுற்றிக்கொண்டிருந்தது. அது என் கணவரின் வண்டிச் சத்தம். வரப்போகிற நன்மையின் சத்தத்தைக் கேட்டு நான் நடுங்கினேன். அந்த ஏழாவது சுற்றையும் நான் போயிருந்தால், அதே வீடுதான் எனக்குக் கிடைத்திருக்கும். அதே சரிவு, அதே கல். ஆனால் பின் ஜன்னலோரம் ஒரு மனிதர் செத்துக் கிடந்த வீடாகக் கிடைத்திருக்கும். டேனியைச் சிரிக்க வைக்க யாரும் மாடி ஏறி வந்திருக்கமாட்டார்கள். என்னைத் தடுத்த தேவனுக்குத் துதி, அந்தக் காத்திருப்பை எனக்குக் கொடுத்தவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

டேனி இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறோம். ராவ் காரு பால்கனியில் ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறார். ஷைனிக்குப் பயமெல்லாம் போய்விட்டது, மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் பால் பொங்கும் வரை நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி நாள் நிற்கிறேன்.

இதை வாசிக்கிற நீங்களும் ஏதாவது ஒன்றை ஆசையோடு சுற்றிக்கொண்டிருக்கலாம். வீடோ, வேலையோ, ஒரு மனுஷனோ, எதுவோ. ஆசைப்படுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. தைரியமாகக் கேளுங்கள். ஆனால் நீங்கள் சுற்றுகிற சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். உள்ளேயிருந்து யாரென்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். சுற்று அறுந்துபோனால் போகட்டும். மீதியைக் கர்த்தர் சுற்றுவார். அவரை நம்பலாம். நான் நம்பிப் பார்த்தவள்.

வண்டிக்கு எண்ணெய் போட டேனி எத்தனையோ முறை டப்பாவை எடுத்தார். நான் விடவில்லை. தினமும் காலையில் பின்சுவர் ஓரம் அது கிறீச்சிட்டுக்கொண்டு போகிறது, கல் இரண்டு முறை டக்கென்கிறது. கூடவே உடம்பில் ஒரு சின்ன நடுக்கம் இன்றைக்கும் ஓடத்தான் செய்கிறது. நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கேட்பேன்.

"யாரது?"

"நாந்தான், ஹெலன்" என்கிறார் டேனி.